காயலான் கடைக்குப் போகாத இரும்பு: வீட்டுப் பட்டறையில் என்ன செய்யலாம்?

மாடிப்பட்டறை (கோவை)

வணக்கம். மொட்டை மாடியில் தகர ஷெட் போட்டு ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். 200 ஆம்ப் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின், 4 இன்ச் கிரைண்டர், ஒரு டிரில், ஒரு வைஸ், அவ்வளவுதான். லேத் இல்லை, உலை இல்லை. ஆனால் பழைய இரும்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகிறது. இப்போது கையில் இருப்பது: லாரி கமான் பட்டை (வண்டியின் எடை தாங்கும் ஸ்பிரிங் பட்டை) இரண்டு துண்டு, கார் பிரேக் டிரம், கார் வீல் ரிம், டேபிள் டாப் கிரைண்டர் மோட்டார், வீட்டில் கழற்றிய ஜிஐ பைப், கதவு போன பீரோ, சைக்கிள் ரிம், செயின், தேய்ந்த அரம் ஒரு கட்டு, பேரிங் ஒரு டப்பா, செத்துப்போன ஹார்ட் டிஸ்க் சில, பழைய கேட்டிலிருந்து அறுத்த ஆங்கிள் துண்டுகள்.

எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும் என்று தெரியும். அதற்கு மேல் இதில் என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி. நட்டு போல்ட்டில் எறும்பு, ஸ்பேனரில் ஆந்தை எல்லாம் பார்த்தாயிற்று. வீட்டிலோ பட்டறையிலோ தினமும் கைபடுகிற பொருளாக இருந்தால் நல்லது.

கடைசல்காரர் (கோவை)

தம்பி, பட்டியல் நன்றாக இருக்கிறது. ஆனால் பொருளின் பெயரைப் பார்த்துப் பிரித்திருக்கிறீர்கள். இதற்கு முன்னால் அது என்ன வேலை பார்த்தது என்று பார்த்துப் பிரியுங்கள். பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

கமான் பட்டை வருடக்கணக்கில் லாரியின் எடையைச் சுமந்து வளைந்து நிமிர்ந்தது. ஆகவே நெம்புகிற, குத்துகிற, அதிர்ச்சி வாங்குகிற வேலைக்கு அதைப் போடலாம். அரம் இரும்பையே தேய்த்த சாமான். கார்பன் சதவீதம் 1-க்கு மேல் இருக்கும். கூர் நிற்கும், ஆனால் கீழே போட்டால் உடையும். பிரேக் டிரம் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. சூட்டைத் தாங்கும், சம்மட்டி அடியைத் தாங்காது. கேட் ஆங்கிள் சாதா இரும்பு. வளைக்கலாம், பற்றவைக்கலாம், கூர் தீட்ட முடியாது.

எது எது என்று தெரியாத துண்டு வந்தால் கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பொறியைப் பாருங்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் பார்க்க வேண்டும். சாதா இரும்பில் பொறி நீளமாக, நேராக ஓடும். பூவாகப் பிரிவது குறைவு. கார்பன் ஏற ஏறப் பொறி குட்டையாகும், நுனியில் மத்தாப்பு மாதிரி சிதறும். அரத்தில் ஒரு முறை பார்த்தால் மறக்கவே மாட்டீர்கள். வார்ப்பிரும்பில் பொறி மங்கலாக, சிவப்பாக, சக்கரத்தை விட்டுச் சற்றுத் தள்ளிப் போவதற்குள் அணைந்துவிடும். அடையாளம் தெரிந்த துண்டுகள் சிலவற்றை ஒரு கம்பியில் கோத்து மாட்டி வையுங்கள். புதுத் துண்டு வரும்போது பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

டிரம்மைத் தொடும் முன் ஒரு எச்சரிக்கை. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். உள்ளே இருக்கும் கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊத வேண்டாம். சோப்புத் தண்ணீர் ஊற்றி ஈரத்தோடு துடைத்து, அந்தத் துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள்.

உலைக்கரி (சிவகங்கை)

ஐயா சொன்னது சரி. கமான் பட்டை பற்றி நான் சொல்கிறேன், எங்கள் வீட்டுத் தொழிலே அதுதான். எங்கள் பக்கத்தில் அரிவாள் என்றால் கமான் பட்டைதான். மண்வெட்டி, களைக்கொத்தி, பாளை அரிவாள் எதுவானாலும் முதலில் தேடுவது லாரிப் பட்டையை.

மாடிப்பட்டறை அண்ணே, உங்களிடம் உலை இல்லை என்கிறீர்கள். பரவாயில்லை. உலை இல்லாமலே அந்தப் பட்டையில் செய்யக்கூடிய நல்ல சாமான் தேங்காய் உரிக்கிற பாரை. பட்டையை ஒன்றரை அடிக்குக் குறையாமல் வெட்டுங்கள். மேல்முனையைக் கிரைண்டரில் ஈட்டி போலத் தட்டையாக, இரண்டு பக்கமும் சரிவு கொடுத்துத் தேயுங்கள். ரொம்பக் கூர் வேண்டாம். மட்டைக்குள் இறங்கினால் போதும். சவரக்கத்தி மாதிரி தீட்டினால் கையைத்தான் பதம் பார்க்கும்.

அப்புறம் முக்கியமான விஷயம், அதை அடித்தட்டில் பற்றவைக்காதீர்கள். ஸ்பிரிங் எஃகில் சாதா வெல்டிங் ராடு போட்டால் பற்றுவது போலத்தான் தெரியும். வெல்டுக்குப் பக்கத்தில் சூடு பட்ட இடம் சட்டென்று ஆறிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பத்துக் காய் உரிப்பீர்கள், பதினோராவது காயில் அங்கேயே முறியும், அப்போது உங்கள் எடை முழுவதும் அந்த முனைக்கு மேலே இருக்கும். பட்டையின் நடுவில் சென்டர் போல்ட்டுக்கு ஏற்கெனவே ஒரு துளை இருக்கும். அந்தத் துளை கீழ்ப்பக்கம் வரும்படி வெட்டிக்கொள்ளுங்கள். ஆங்கிளில் ஒரு நிற்கும் கால் செய்து, துளையில் ஒரு போல்ட், அதற்கு மேலே ஒரு யூ போல்ட் போட்டு இறுக்கினால் அசையாது. லாரியிலும் அதை யூ போல்ட்தானே பிடித்திருந்தது.

மாடிப்பட்டறை

அருமை. ஒரு சந்தேகம். கிரைண்டரில் தேய்க்கும்போது முனை நீலமாகிவிட்டால் தோய்ச்சல் (சூடாக்கித் தோய்த்து ஏற்றிய கடினம்) போய்விடும் என்கிறார்களே?

உலைக்கரி

அரத்துக்கு அது உண்மை, கமான் பட்டைக்கு அவ்வளவு பயமில்லை. நீலம் ஏறுவது ஏறக்குறைய 300 டிகிரியில். ஸ்பிரிங் பட்டையை ஆலையிலேயே 400 டிகிரிக்கு மேல் சூடாக்கித்தான் பதம் இறக்கி, அதாவது கடினத்தைக் கொஞ்சம் குறைத்து முறியாமல் செய்திருப்பார்கள், அதனால் நீலத்தில் அதற்கு ஒன்றும் ஆகாது. சிவக்க விட்டால்தான் கெடும்.

அரம் அப்படியில்லை. அதன் கடினத்தன்மை முழுவதும் குறைந்த சூட்டில் நிற்கிறது. ஒரு மூலை நீலமானாலும் அந்த மூலை போயிற்று. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, விரலால் தொட முடியாத சூடு வரும் முன்பே தோய்த்துத் தோய்த்துத் தேய்க்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை (சென்னை)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தேங்காய் உரிக்கிற சாமான் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நீங்கள் இரண்டு கட்டிங் வீல், ஒரு கிரைண்டிங் வீல், யூ போல்ட், கரண்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சேர்த்தால் என்ன கணக்கு? பழைய இரும்பு இலவசம் என்பதே ஒரு மாயை.

கடைசல்காரர்

கணக்கு சரிதான் சார். தேங்காய் உரிக்கிற சாமான் மட்டுமே வேண்டும் என்றால் கடைக்குத்தான் போக வேண்டும். நான் பார்த்தவரை வீட்டுப் பட்டறையில் மிச்சமாவது மூன்று இடத்தில். கடையில் விற்காத அளவு, கடையில் விற்காத கனம், அப்புறம் பட்டறைக்கே வேண்டிய துணைக்கருவி. வைஸ் ஸ்டாண்ட், கிரைண்டர் ஸ்டாண்ட், வெல்டிங் டேபிள், கிளாம்ப், வளைக்கும் ஜிக் இதெல்லாம் புதிதாக வாங்கினால் விலை கண்ணைக் கட்டும். பழைய இரும்பில் கனம் இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்டாண்டுக்கு வேண்டியது அந்தக் கனம்தான்.

பூந்தொட்டி ஸ்டாண்ட், துணிக்கொடி கொக்கி என்றெல்லாம் இறங்கினால் உங்கள் கணக்குத்தான் ஜெயிக்கும்.

மாடித்தோட்டக்காரி (திருச்சி)

பூந்தொட்டி ஸ்டாண்டைக் குறை சொன்ன ஐயாவுக்கு என் கண்டனங்கள் :) என் மாடியில் பாகல், புடலைக்குப் பந்தல் போட வேண்டும். மூங்கில் இரண்டு வருடத்தில் உளுத்துப்போகிறது. வீட்டில் பழைய ஜிஐ பைப் நிறையக் கிடக்கிறது. தெருமுனை வெல்டிங் கடையில் கொடுத்தால் பற்றவைத்துத் தருவார்களா, நாமே செய்யலாமா?

ஆர்க்கொளி (ஓசூர்)

அக்கா, ஜிஐ பைப்பை அப்படியே பற்றவைக்கக் கூடாது. மேலே இருப்பது துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். வெல்டிங் ஆர்க் அதைவிடப் பல மடங்கு சூடு. வெள்ளைப் புகையாகக் கிளம்பும், மூச்சில் போனால் சில மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், உடம்பு வலி, வாயில் இரும்புச் சுவை. ஃப்ளூ காய்ச்சல் என்றே நினைப்பீர்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் இறங்கிவிடும், ஆனால் பழகிக்கொள்ள வேண்டிய காய்ச்சல் இல்லை. பால் குடித்தால் சரியாகிவிடும் என்று வெல்டிங் கடைகளில் சொல்வார்கள். அது நம்பிக்கைதான். புகையை உள்ளே விடாமல் இருப்பதுதான் வைத்தியம்.

பற்றவைத்தே ஆக வேண்டும் என்றால் இணைப்புக்கு இரண்டு பக்கமும் ஓர் அங்குலமாவது பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்த வெளியில், காற்று வரும் பக்கம் நின்று, சரியான முகமூடியோடு செய்யலாம். ஆசிட்டில் ஊறவைத்துப் பூச்சைக் கரைப்பவர்களும் உண்டு. ஆனால் அந்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பாட்டில் பட்டறைக்குள் இருந்தாலே போதும், மூடி போட்டிருந்தாலும் சுற்றியுள்ள எல்லாக் கருவியும் துரு ஏறும்.

பந்தலுக்கு வெல்டே வேண்டாம் அக்கா. சாரம் கட்டுகிறவர்கள் போடும் கிளாம்ப்பைப் பழைய இரும்புக் கடையில் கேளுங்கள். பைப் அளவைச் சொல்லி வாங்கி, ஸ்பேனரால் முடுக்கினால் முடிந்தது. பூச்சு கெடாது, அதனால் மழையிலும் நிற்கும். சீசன் முடிந்தால் கழற்றி வைக்கலாம். மேலே குறுக்குக்குச் சைக்கிள் ரிம்மை வைத்துக் கட்டினால், ஸ்போக் துளைகளில் கயிறு கோத்துக் கொடியை நாலாபக்கமும் இழுத்துவிடலாம்.

மாடித்தோட்டக்காரி

சைக்கிள் ரிம் யோசனை பிடித்திருக்கிறது. நன்றி தம்பி. ஜிஐ பைப்பைத் தரையோடு எப்படி நிறுத்துவது? மாடித் தளத்தைத் துளை போட விடமாட்டார் வீட்டுக்காரர்.

ஆர்க்கொளி

பழைய பெயிண்ட் வாளியில் பைப்பை நிறுத்தி கான்கிரீட் ஊற்றுங்கள். தளத்தில் துளை வேண்டியதில்லை. ஆனால் ஆடிக் காற்றுக்குப் பந்தல் பாய்மரமாகிவிடும், கைப்பிடிச்சுவரோடு ஒரு கட்டுப் போட்டுவிடுங்கள்.

சூறாவளி_07

கேஸ் சிலிண்டர் பழசு ஒன்று இருக்கிறது. பாதியாக அறுத்தால் சூப்பர் அடுப்பு. நான் [நெறியாளரால் நீக்கப்பட்டது]

நெறியாளர்

செய்முறை நீக்கப்பட்டது. சமையல் எரிவாயு சிலிண்டர் நம் சொத்து இல்லை, எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. அறுப்பது குற்றம் மட்டுமல்ல, காலி என்று நினைக்கும் சிலிண்டரில் மிச்சமிருக்கும் வாயு காற்றோடு கலந்தால் ஒரே ஒரு கிரைண்டர் பொறி போதும். பெட்ரோல், டீசல், தின்னர் இருந்த டிரம்முக்கும் இதே விதி. இந்த இழையில் அது வேண்டாம்.

ஆர்க்கொளி

நெறியாளர் சொன்னதோடு இன்னும் சிலதைச் சேர்த்துக்கொள்ளலாம். வண்டி ஷாக் அப்சார்பரை அறுக்காதீர்கள், பலவற்றில் அழுத்தத்தோடு வாயு அடைத்திருக்கும். ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் வேண்டும் என்று குழாயை நறுக்காதீர்கள், இப்போதைய பல ஃபிரிட்ஜ்களில் இருக்கும் ஆர்-600ஏ எரியக்கூடிய வாயு. மைக்ரோவேவ் அடுப்பைப் பிரித்து டிரான்ஸ்ஃபார்மர் எடுக்கும் வீடியோக்களைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர் ஆளைக் கொல்லும்.

பலருக்குத் தெரியாதது ஒன்று. பிரேக் கிளீனர் ஸ்பிரேக்களில் சிலவற்றில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும். அதை அடித்துத் துடைத்த ஈரத்தோடு வெல்ட் வைத்தால் ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயு உண்டாகும். முதல் உலகப்போரில் ஆயுதமாகப் பயன்படுத்தியது அதுதான். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவைப்பதே உத்தமம்.

மாடிப்பட்டறை

பழைய கேட் ஆங்கிள் மேல் நாலைந்து அடுக்குப் பெயிண்ட் இருக்கிறது. கிரைண்டரில் தேய்த்துவிடலாமா?

ஆர்க்கொளி

எந்தக் காலத்து கேட்? நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற கட்டுப்பாடு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய அடுக்குகள் இருந்தால் தேய்த்துத் தூளாக்காதீர்கள், முக்கியமாகக் குழந்தைகள் விளையாடும் மாடியில். பெயிண்ட் ரிமூவர் தடவிச் சுரண்டி எடுங்கள்.

காற்சட்டைப்பை (யாழ்ப்பாணம்)

எல்லாருக்கும் வணக்கம். சைக்கிள் சாமான்கள் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம் என்று வந்தேன். தொண்ணூறுகளில் எங்களுக்கு மின்சாரம் இல்லை, பற்றரியும் வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டு வளர்ந்த ஆட்கள் நாங்கள். அந்தக் குப்பி டைனமோ 6 வோல்ட், 3 வாட். இப்ப அதே டைனமோவில் எல்.இ.டி. எரித்தால் அந்தக் காலத்து குமிழை விடப் பல மடங்கு வெளிச்சம்.

உலைக்கரி அண்ணையிட்ட ஒரு கேள்வி. உங்களுடைய துருத்தி என்ன மாதிரி? எங்கட ஊரில் சைக்கிள் ரிம்மைக் கைபிடியோடு பெரிய சில்லாக நிறுத்தி, அதிலிருந்து ஒரு பட்டி போட்டு சின்னக் காற்றாடியைச் சுற்றுகிற மாதிரிச் செய்திருக்கிறார்கள். 28 இஞ்சிச் சைக்கிளின் ரிம் 25 இஞ்சியளவு வரும். காற்றாடிப் பக்கம் ஒன்றரை இஞ்சிக் கப்பி போட்டால் 16 மடங்குக்கு மேல் வேகம். ஒரு கையால் மெதுவாகச் சுற்றினாலே உலை சிவக்கும். பட்டி வழுக்காமல் ரிம்மின் பள்ளத்திலேயே இருக்கும், அது ஒரு வசதி.

உலைக்கரி

எங்களிடமும் அதேதான் அண்ணே, தெருவோரம் கடை போடுகிற கொல்லர்களிடம் இன்னும் பார்க்கலாம். நான் இப்போது மோட்டார் ஊதி வைத்திருக்கிறேன். ஆனால் சைக்கிள் சக்கரத்தில் ஒரு நன்மை, நிறுத்தினால் காற்று நிற்கும், கரி வீணாகாது. ராமநாதபுரம் பக்கத்துச் சீமைக் கருவேலக் கரிதான் போடுகிறோம். அதுவும் இப்போது மலிவில்லை.

மாடிப்பட்டறை அண்ணனிடம் பிரேக் டிரம், சைக்கிள் ரிம் இரண்டும் இருக்கிறதே. இணையத்தில் எல்லாரும் சொல்கிற பிரேக் டிரம் உலை அதுதான். டிரம் உலைக்கிண்ணம், நடுத்துளையில் ஒரு பைப், அதற்குக் காற்று. சின்ன உளி, கொக்கி அடிக்க தாராளமாகப் போதும். அந்தப் பைப் மட்டும் ஜிஐ பைப்பாக இருக்கக் கூடாது, ஆர்க்கொளி சொன்ன அதே காரணம்.

கடைசல்காரர்

மொட்டை மாடியில், தகர ஷெட்டில், பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காயும்போதா? உலையைச் சொந்த ஊருக்குப் போகும்போது வைத்துக்கொள்ளுங்கள் தம்பி.

புதுப்பேட்டை_நண்பன் (சென்னை)

இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கல்லுக்கு என்ன செய்கிறீர்கள்? தண்டவாளத் துண்டு கிடைத்தால் நன்றாக இருக்கும் என்கிறார்களே.

உலைக்கரி

தண்டவாளத் துண்டு அருமையான சாமான்தான், எஃகு பிரமாதம். ஆனால் கடைக்காரர் ரயில்வே ஏலத்தில் எடுத்ததற்குச் சீட்டு காட்டினால் மட்டும் தொடுங்கள். 1966-ஆம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டப்படி, கையில் வைத்திருப்பவர்தான் எப்படி வந்தது என்று கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு அடி இரும்புக்காக ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) ஆபீசில் உட்கார வேண்டுமா?

உங்கள் புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளிலேயே லாரி ஆக்சில் கிடைக்குமே. விளிம்பு உள்ள பக்கத்தை மேலே வைத்து, தண்டை கான்கிரீட் நிரப்பிய வாளிக்குள் நிறுத்துங்கள். நிமிர்ந்து நிற்கிற இரும்பின் தலையில் அடித்தால் அடி முழுவதும் நேராக உள்ளே இறங்கும். படுக்கவைத்த தண்டவாளத்தை விட அது நன்றாக அடி வாங்கும் என்பது என் கட்சி.

கணக்குப்பிள்ளை

இந்தப் பதிலுக்காகவே இழையில் தங்கிவிட்டேன். சரி, தேய்ந்த அரத்தில் கத்தி செய்யலாமா? வாங்கும் கத்தியை விட நன்றாக இருக்கும் என்கிறார்கள்.

உலைக்கரி

செய்யலாம். அரத்தை அப்படியே தீட்டினால் கத்தி விளிம்பு பொரிந்து விழும், அவ்வளவு கடினம். முதலில் துடைத்துவிட்டு வீட்டு அவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் விடுங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய ஓர் இடத்தில் இளமஞ்சள், வைக்கோல் நிறம் வந்தால் பதம் சரி. அதற்குப் பிறகு தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து வடிவம் கொடுங்கள். அரத்தின் பல்லை முழுவதும் எடுத்துவிடுங்கள். பல்லின் அடிப்பள்ளத்தில்தான் விரிசல் தொடங்கும். கடைசியாகச் சாணை.

ஒன்று, எல்லா அரமும் முழு எஃகு இல்லை. மலிவு அரங்களில் சில மேல்தோல் மட்டும் கடினமாக்கியவை. தேய்க்கத் தேய்க்க உள்ளே சாதா இரும்பு வரும். பழைய பேர்போன கம்பெனி அரமாகப் பாருங்கள். இரண்டு, அளவு. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுத விதிகளுக்குள் வரும். வீட்டு வேலை, விவசாய வேலைச் சாமான்களுக்கு விலக்கு உண்டு. காய்கறிக் கத்தியோடு நிறுத்திக்கொண்டால் பேச்சே இல்லை.

மாடித்தோட்டக்காரி

அந்த அவனில் அப்புறம் கேக் வைக்கலாமா?

உலைக்கரி

அரத்தில் எண்ணெய் இல்லாமல் சுத்தமாகக் கழுவி வைத்தால் வைக்கலாம் அக்கா. வீட்டில் கேட்காமல் வைத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

துருப்பிடித்தவன் (தூத்துக்குடி)

எங்கள் ஊர்க் கடற்காற்றில் இரும்பு நம்மைக் கேட்காமலே மண்ணாகப் போய்விடும், அதனால் துரு எடுப்பதில் கொஞ்சம் அனுபவம். கம்பி பிரஷ், ஆசிட் எல்லாம் விட்டுவிட்டேன். பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. சமையல் சோடா இல்லை. பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் 12 வோல்ட் எடுத்து, துருப்பிடித்த சாமானுக்கு நெகட்டிவ், தியாகம் செய்ய ஒரு சாதா இரும்புத் துண்டுக்குப் பாசிட்டிவ். இரண்டும் தொடக் கூடாது. ஒரு ராத்திரி விட்டால் துரு கறுப்புச் சேறாக உரிந்து வரும், உள்ளே இருக்கும் நல்ல இரும்பு கரையாது. ஆசிட்டில் அந்த உத்தரவாதம் கிடையாது.

பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் போடாதீர்கள், தேயவே தேயாது என்று சிலர் சொல்லிக் கொடுப்பார்கள். அது குரோமியத்தைத் தண்ணீரில் கரைத்துவிடும், அந்த மஞ்சள் தண்ணீர் புற்றுநோய் தரும் விஷம். சோடாவுக்குப் பதில் உப்பும் வேண்டாம், குளோரின் கிளம்பும். சாதாரணமாகச் செய்யும்போதே ஹைட்ரஜன் வரும், ஆகவே மூடிய அறையில் வேண்டாம். கமான் பட்டை, பேரிங் மாதிரிக் கடின எஃகை இதில் போடாதீர்கள்; ஹைட்ரஜன் உள்ளே புகுந்து முறியும் குணத்தைக் கொடுத்துவிடும். அவற்றுக்கு வெல்லப்பாகுக் கழிவு ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. இரண்டு வாரம் ஆகும். நாற்றத்துக்கு வீட்டில் என்ன சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம்.

மாடிப்பட்டறை

நிறையச் சொல்லிவிட்டீர்கள் எல்லாரும். வைஸ் ஸ்டாண்ட் முதலில் செய்தேன். கடைசல்காரர் ஐயா சொன்ன கணக்குப்படி கனம் தேடி, கார் ரிம்மைத் தரையில் படுக்கப் போட்டு, நடுவில் கனமான பழைய எம்எஸ் (சாதா இரும்பு) பைப்பை நிறுத்தி, கேட் ஆங்கிளில் மூன்று முட்டு கொடுத்தேன். ரிம் தகடு கனம், பைப்பும் கனம், 10 நம்பர் ராடிலேயே நன்றாக இறங்கியது. பெயிண்ட் எடுத்த ஆங்கிள் மட்டும் மெலிசு, அதற்கு இன்னும் மெல்லிய 12 நம்பர் ராடு, கரண்ட் 70 ஆம்புக்குக் கீழே. ரிம்முக்குள் கான்கிரீட் நிரப்பியாயிற்று. இப்போது வைஸில் கம்பியை வளைத்தால் ஸ்டாண்ட் நகரவில்லை, நான்தான் நகர்கிறேன்.

பீரோத் தகட்டில் கருவித்தட்டு செய்யப் பார்த்தேன். வெல்ட் வைத்தால் ஓட்டை விழுகிறது.

கடைசல்காரர்

சபாஷ். பீரோத் தகட்டுக்கு வெல்டே வேண்டாம். பாப் ரிவெட் போடுங்கள். மடிக்கிறதுக்கு இரண்டு ஆங்கிளுக்கு நடுவில் தகட்டைக் கொடுத்து வைஸில் இறுக்கி, மேலே ஒரு மரக்கட்டை வைத்துச் சுத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி மடியுங்கள். ஒரே இடத்தில் முழுவதும் மடிக்காமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தட்டிக்கொண்டே போய்த் திரும்பி வர வேண்டும். கை படுகிற விளிம்பை முழுக்க மடித்து அமுக்கிவிடுங்கள், இல்லையென்றால் அந்தத் தட்டு தினமும் ரத்தம் கேட்கும்.

காற்சட்டைப்பை

ஹார்ட் டிஸ்க்கை மறந்துவிட்டீர்களே. அதைத் திறந்தால் உள்ளே நியோடிமியம் காந்தம் இரண்டு இருக்கும். விரல் நடுவில் மாட்டினால் தோல் போகும், கவனம். அதை ஒரு மரப்பட்டியில் பதித்துச் சுவரில் அடித்தால் ஸ்பேனர், கத்தி எல்லாம் ஒட்டி நிற்கும். மிச்சக் காந்தத்தை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு மாடித் தரையில் இழுத்துக்கொண்டு போங்கள். கிரைண்டர் தூள் எல்லாம் பையில் ஒட்டும். பையை உள்வெளியாகத் திருப்பினால் தூள் பைக்குள், காந்தம் கைக்குள். இல்லாவிட்டால் முதல் மழைக்கே தளம் முழுக்கத் துருப்புள்ளி.

ஆர்க்கொளி

பேரிங் டப்பாவுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. மண்ணெண்ணெயில் கழுவி, கையால் சுற்றிக் கரகரப்பு இருக்கிறதா பாருங்கள். ஏர் கம்ப்ரசரால் ஊதிச் சுற்றவிடாதீர்கள், கண்டபடி வேகம் ஏறிக் கூடு தெறிக்கும். சுத்தமாக ஓடுவதற்குக் கிரீஸ் வைத்து சுழல் தட்டு செய்யலாம். என் அம்மாவுக்கு நவராத்திரிக் கொலுவில் நடுப்பொம்மை சுற்றுவதற்கு ஒன்று செய்து கொடுத்தேன், இப்போது அக்கம்பக்கத்தில் ஆர்டர் வருகிறது. கரகரப்பதைப் பிள்ளைகளுக்குப் பேரிங் வண்டி செய்து கொடுங்கள். தெருவே எழுந்துவிடும், அது வேறு விஷயம்.

கணக்குப்பிள்ளை

அலங்காரப் பொருள் என்றாலே இங்கே எல்லாரும் முகம் சுளிக்கிறீர்கள். டெல்லியில் 2019-இல் உலக அதிசயங்கள் ஏழையும் 150 டன் பழைய இரும்பில் செய்து ஒரு பூங்காவே திறந்தார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள்.

கடைசல்காரர்

பூங்காவில் வைக்கட்டும் சார், யார் வேண்டாம் என்றது. என் வீட்டு ஷோகேசில் ஸ்பார்க் பிளக் மனிதன் தூசி பிடித்து நிற்கிறான், பேரன் செய்தது. அதனால் விட்டுவைத்திருக்கிறேன்.

மாடிப்பட்டறை

கடைசியாகக் கிரைண்டர் மோட்டார். அதில் சாணைக்கல் மாட்டலாமா?

கடைசல்காரர்

தாராளமாக. பெரும்பாலும் 4 துருவ மோட்டாராக இருக்கும், பெயர்த்தகட்டைப் பாருங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் 1500-க்குச் சற்றுக் கீழே சுற்றும். கடையில் விற்கும் பெஞ்ச் கிரைண்டர் அதைப் போல் இரண்டு மடங்கு. மெதுவாகச் சுற்றுவதால் கத்தி சூடேறாது, அரத்தில் செய்த கத்திக்கு இதைவிட நல்ல சாணை கிடையாது. கல்லின் மேல் எழுதியிருக்கும் உச்ச வேகம் மோட்டார் வேகத்தை விட அதிகமா என்று பாருங்கள். கல்லை ஒரு விரலில் தொங்கவிட்டு மரக்கைப்பிடியால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும்; மொத்தென்று கேட்டால் விரிசல், தூக்கிப் போடுங்கள். மேலே தகட்டு உறை கட்டாயம், பீரோத் தகடு அதற்குப் போதாது, கனத்த தகடு வேண்டும். மிக்சி மோட்டாரில் இந்த விளையாட்டு வேண்டாம், சுமை இல்லாவிட்டால் வேகம் எங்கேயோ போய்விடும்.

மாடிப்பட்டறை

மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது ஐயா. கல் என் பக்கம் கீழே வருவதற்குப் பதில் மேலே போகிறது.

கடைசல்காரர்

மோட்டாரைத் திருப்பி வைத்து, தண்டு மறுபக்கம் நீட்டும்படி மாட்டுங்கள். அது முடியாவிட்டால் உள்ளே ஸ்டார்ட்டிங் காயிலின் இரண்டு முனையை மட்டும் மாற்றிக் கொடுக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே 100 வாட் பல்பை ஒரு நிமிடம் பிடித்துக் கரண்டை இறக்கிவிட்டுக் கை வையுங்கள். திசை மாற்றியதும் நட்டைப் பாருங்கள், சுற்றும் திசையில் அது தளர்கிற மாதிரி இருந்தால் இடது மரை (எதிர்ப்பக்கம் திருப்பினால் இறுகும்) நட்டு போட வேண்டும். உங்கள் தண்டின் அளவைப் போடுங்கள், கடைசலுக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வழி சொல்கிறேன்.